சென்ட்ரல் வாக்குவம் வாங்கப்போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவைச் சுற்றி, மார்க்கம், ஏஜாக்ஸ், பிரம்டன் பக்கம் வீடு வாங்கிய எங்கள் ஆட்களிடம் சென்ட்ரல் வாக்குவம் (சுவருக்குள் ஓடும் குழாயால் வீடு முழுக்கத் தூசியை உறிஞ்சும் மெஷின்) பற்றிக் கதை எடுத்தால் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். வாக்குவம் பூட்டுவதும் திருத்துவதும் என் வேலை. தொலைபேசியிலும் கல்யாண வீட்டிலும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சுவரில மூடி வச்ச வட்ட ஓட்டை ஒண்டு இருக்கு. கரண்ட் பிளக் மாதிரியும் இல்லை. அது என்னத்துக்கு?

அதுதான் இன்லெட். சுவருக்குப் பின்னால் 2 அங்குல பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஓடுகிறது. வீட்டில் இருக்கும் எல்லா இன்லெட்டும் அந்தக் குழாயில் சேர்ந்து, கராஜிலோ பேஸ்மென்டிலோ உள்ள மெஷினுக்குப் போகும். மோட்டரும் தூசி சேரும் வாளியும் அங்கே இருக்கும். நீங்கள் கையில் பிடிப்பது நீளமான ஹோஸையும் அதன் முனையில் உள்ள பிரஷையும் மட்டும்தான்.

மூடியைத் திறந்து ஹோஸைச் செருகியதும், அல்லது கைப்பிடியில் உள்ள சுவிட்சைத் தட்டியதும், மெஷின் இயங்கத் தொடங்கும். குழாயோடு கூடவே 24 வோல்ட் மெல்லிய வயர் ஒன்று போயிருப்பதால்தான் இது நடக்கிறது. அது தொட்டால் அடிக்கிற கரண்ட் இல்லை.

வித்த ஆள் "சென்ட்ரல் வாக்குவம் இருக்கு" எண்டுதான் சொன்னவர். சாவி வாங்கிப் போய்ப் பாத்தா கராஜுக்க ஒண்டுமில்லை. ஏமாத்திப் போட்டாரோ?

ஏமாற்றினாரா இல்லையா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விளம்பரத்தில் "ரஃப்-இன்" என்ற சொல் இருந்தால், சுவருக்குள் குழாயும் வயரும் மட்டும்தான் உண்டு என்று அர்த்தம். மெஷினை வாங்குகிறவர்தான் போட வேண்டும். வீடு கட்டும் கம்பனிகள் பல, குழாயை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு நிறுத்திவிடும்.

மெஷின் இருக்கிற வீட்டை வாங்குகிறீர்கள் என்றால், விற்பனை ஒப்பந்தத்தில் வீட்டோடு சேரும் சாமான்களின் பட்டியலில் "சென்ட்ரல் வாக்குவமும் அதன் உபகரணங்களும்" என்று எழுதச் சொல்லி உங்கள் ஏஜென்டிடம் கேளுங்கள். "உபகரணங்களும்" என்ற சொல் முக்கியம். அது இல்லாததால் மெஷின் சுவரில் இருக்க, ஹோஸும் பவர்ஹெட்டும் (கரண்டில் சுற்றும் பிரஷ்) பழைய வீட்டுக்காரரோடு போய்விட்ட கதைகள் நிறைய உண்டு. அவை இரண்டையும் புதிதாக வாங்கப் போனால் பாதி மெஷின் விலை வந்துவிடும்.

ரஃப்-இன் குழாய் நல்லா இருக்கோ எண்டு மெஷின் வாங்க முதலே பாக்கலாமோ?

பார்க்கலாம். பார்க்கவும் வேண்டும். தெரிந்தவர் யாரிடமாவது ஒரு ஷொப்-வாக் (கட்டட வேலைக் குப்பைக்குப் பாவிக்கும் வாக்குவம்) இரவல் வாங்குங்கள். கராஜில் குழாய் முடிகிற இடத்தில் அதன் ஹோஸை வைத்து, இடைவெளியை டேப்பால் சுற்றி, ஓட விடுங்கள். பிறகு வீட்டுக்குள் போய் ஒவ்வோர் இன்லெட்டாகத் திறந்து ஒரு டிஷ்யூ தாளைப் பிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மூடிதான் திறந்திருக்க வேண்டும். தாள் பட்டென்று போய் ஒட்டினால் அந்த வழி சரி. சோர்ந்துபோய் ஆடினால் எங்கோ அடைப்பு அல்லது கசிவு.

எல்லா மூடியையும் சாத்திவிட்டு ஒவ்வொன்றிலும் காதை வைத்துக் கேளுங்கள். "ஸ்ஸ்" என்று சத்தம் வந்தால் மூடியின் ரப்பர் காய்ந்து போயிருக்கிறது. அதற்குப் பெரிய செலவில்லை, சுவரில் பூட்டிய இன்லெட் தட்டையே மாற்றிவிடலாம். மூடிகளில் சத்தமில்லை, ஆனாலும் இழுவை இல்லை என்றால் சுவருக்குள் ஒரு மூட்டு பசை போடாமல் விடப்பட்டிருக்கலாம். அது கொஞ்சம் தலையிடி.

அப்புறம் வயர். கராஜில் குழாய் முனைக்குப் பக்கத்தில் மெல்லிய இரட்டை வயர் தொங்குகிறதா என்று பாருங்கள். பக்கத்திலேயே ஒரு கரண்ட் பிளக்கும் இருக்க வேண்டும். இன்னொன்று: சுவர் பூசுகிறவர்கள் சில நேரம் இன்லெட் ஒன்றை மூடி ட்ரைவோல் (உட்சுவருக்கு அடிக்கும் ஜிப்சம் பலகை) அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். மேல்மாடியில் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். அதே தெருவில் அதே மாடல் வீடு இருந்தால், அவர்கள் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதுதான் சுகமான வழி.

எங்கட வீடு பழசு, குழாயே இல்லை. சுவரை உடைக்காமல் போடலாமோ?

பெரும்பாலும் போடலாம். இங்குள்ள வீடுகளின் உட்சுவர் மரச்சட்டமும் ட்ரைவோலும்தான், நடுவில் வெற்றிடம். பேஸ்மென்ட் கூரை திறந்து கிடந்தால் கீழ்த்தளத்து இன்லெட்டுகளுக்குக் கீழிருந்தே துளைத்து ஏற்றிவிடலாம். மேல்மாடிக்குக் கொண்டுபோவதுதான் கெட்டித்தனம். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குளோசெட் இருந்தால் அதன் மூலையால் குழாய் வெளியே தெரியாமல் ஏறும். அழுக்குத் துணியை மேல்மாடியிலிருந்து கீழே போடும் பழைய குழாய்வழி (லோன்ட்ரி சூட்) இருந்தால் இன்னும் நல்லது.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்குத் திரும்பிப் போகும் காற்றுவழிக்குள் குழாயை விடலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எரியக்கூடிய பிளாஸ்டிக்கை அதற்குள் ஓடவிடுவது தீ நேரத்தில் ஆபத்து. டவுன்ஹவுஸில் பக்கத்து வீட்டோடு பொதுவாக உள்ள சுவரையும் தொடக்கூடாது. பேஸ்மென்ட் முழுக்க முடித்து, கூரையும் பூசி, குளோசெட்டும் ஒன்றின் மேல் ஒன்று இல்லாத வீடு என்றால் நானே "விட்டுவிடுங்கள், நல்ல சாதாரண வாக்குவம் ஒன்று வாங்குங்கள்" என்றுதான் சொல்வேன்.

சும்மா வாக்குவம் இருநூறு டொலருக்குக் கிடக்கு. இதுக்கு ஏன் இவ்வளவு குடுக்க வேணும்?

கட்டாயம் கொடுக்க வேண்டும் என்றில்லை. மெஷின் மட்டும் சில நூறு டொலரில் தொடங்கி 2,000ஐத் தாண்டும். ஹோஸ், பிரஷ், பூட்டுகூலி, அதற்கு மேல் ஒன்டாரியோவில் 13 சதவீத வரி. கொண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) இருப்பவருக்கோ ஒரே தளத்தில் உள்ள சின்ன வீட்டுக்கோ இது வீண் செலவு.

இரண்டு மாடியும் பேஸ்மென்டும், படிகளில் கார்பெட்டும், ஏற்கெனவே ரஃப்-இன் குழாயும் இருந்தால் கணக்கு மாறுகிறது. பாரமான மெஷினைத் தூக்கிக்கொண்டு படியில் ஏற வேண்டியதில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாமாருக்கு இதுவே போதும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை வாளியைக் கொட்டினால் சரி. வாரம் ஒரு மணித்தியாலம் கூட்டினால் வருடத்துக்கு 52 மணித்தியாலம்தான் ஓடும், அதனால் நல்ல மோட்டர் 15, 20 வருடம் தாண்டுவது சாதாரணம்.

எத்தனை ஹோர்ஸ்பவர் எடுக்க வேணும்?

பெட்டியில் ஹோர்ஸ்பவரைப் பெரிதாக அச்சடித்திருந்தால் அதைப் பார்க்காமல் விடுங்கள். இங்கே வீட்டுப் பிளக் 120 வோல்ட், 15 அம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,800 வாட். ஒரு ஹோர்ஸ்பவர் 746 வாட் என்பதால், அந்தப் பிளக்கிலிருந்து ஆகக்கூடினால் 2.4 ஹோர்ஸ்பவர்தான் எடுக்கலாம். பிறகு "6 ஹோர்ஸ்பவர்" எங்கிருந்து வந்தது? விற்பனைக்காரரின் வாயிலிருந்துதான்.

கேட்க வேண்டியது "ஏர் வாட்ஸ்". மெஷின் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றை இழுக்கிறது, அதே நேரம் எவ்வளவு விசையோடு இழுக்கிறது என்ற இரண்டையும் பெருக்கி 8.5ஆல் வகுத்தால் வருவது அது. விசையை, தண்ணீரை எத்தனை அங்குலம் உயர்த்தும் என்று அளப்பார்கள். காற்று மட்டும் நிறையப் போய் விசை இல்லாவிட்டால் கார்பெட்டுக்குள் புதைந்த மண் வராது. விசை மட்டும் இருந்து காற்று போகாவிட்டால் தூசி குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். சராசரி வீட்டுக்கு 500 முதல் 650 ஏர் வாட்ஸ் தாராளம்.

எங்கட வீடு 3,500 சதுர அடி. அப்ப ஆகப் பெரிய மெஷின்தானே வேணும்?

சதுர அடியைவிடக் குழாயின் நீளம்தான் முக்கியம். மெஷினிலிருந்து ஆகத் தூரத்தில் உள்ள இன்லெட்டுக்குக் குழாய் எவ்வளவு தூரம் ஓடுகிறது, எத்தனை வளைவு இருக்கிறது என்று பாருங்கள். அதைக் கொண்டு மெஷினைத் தெரிவு செய்தால் சரியாக இருக்கும். தூரம் கூடினால் 700க்கு மேல் போகலாம்.

ஆனால் காசை எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்று கேட்டால் என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதலில் குழாய், இரண்டாவது கையில் பிடிக்கிற ஹோஸும் பிரஷும், மூன்றாவதுதான் மோட்டர். எங்கள் ஆட்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கடையில் ஆகப் பெரிய மெஷினை வாங்கி, அதோடு சும்மா கிடைத்த பிளாஸ்டிக் பிரஷைப் பூட்டி, கசிகிற இன்லெட்டில் செருகிவிட்டு "இழுக்குதில்லை" என்று கூப்பிடுவார்கள். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய கிணறு வெட்டின மாதிரி.

எத்தனை இன்லெட் வேணும்? அறைக்கு ஒண்டு வைக்கவோ?

வேண்டாம். 30 அடி ஹோஸ் வைத்திருந்தால் ஓர் இன்லெட் சுமார் 600, 700 சதுர அடியைச் சமாளிக்கும். சாதாரண இரண்டு மாடி வீட்டுக்கு மாடிக்கு ஒன்று அல்லது இரண்டு, பேஸ்மென்டுக்கு ஒன்று, கராஜில் காரின் உள்பக்கம் கூட்ட மெஷினுக்குப் பக்கத்திலேயே ஒன்று. கூடுதல் இன்லெட் என்றால் கூடுதல் மூட்டு, கூடுதல் கசிவு.

இடத்தைத் தாளில் முடிவு செய்யாதீர்கள். 30 அடிக் கயிறு ஒன்றை எடுத்து, இன்லெட் வரப்போகிற இடத்தில் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு ஒவ்வோர் அறையின் கடைசி மூலைக்கும் போங்கள். கட்டிலைச் சுற்றி, கதவைச் சுற்றி, ஹோஸ் எப்படிப் போகுமோ அப்படி. நடைபாதை, படியடி, உட்சுவர் நல்ல இடங்கள். கதவுக்குப் பின்னாலும், சோபா வரப்போகிற சுவரிலும் வைக்கக்கூடாது. 35 அடி ஹோஸ் எடுத்தால் எட்டாத மூலை எட்டும், ஆனால் சுருட்டித் தூக்குகிற பாரமும் கூடும்.

கரண்டில சுத்துற பிரஷ் கட்டாயமோ? எங்கட வீடு முழுக்க மரத்தரை.

முழுக்க மரத்தரையும் டைல்ஸும் என்றால் வேண்டாம். மயிர்க்கற்றை வைத்த அகலமான தரைப் பிரஷ் ஒன்று போதும். சுற்றுகிற பிரஷ் மரத்தரையில் மணலைச் சிதறடித்து, கீறலும் போடும். அந்தக் காசை நல்ல ஹோஸுக்குப் போடுங்கள்.

கார்பெட் இருந்தால் கதை வேறு. கார்பெட்டின் அடியில் இருக்கும் மண்ணைக் கிளப்ப சுற்றுகிற உருளை வேண்டும். அதில் இரண்டு வகை. கரண்டில் ஓடும் பவர்ஹெட்டுக்குத் தனி மோட்டர் இருக்கிறது, அழுத்தமாக வேலை செய்யும். காற்றில் சுற்றும் டர்போ பிரஷ் விலை குறைவு, ஆனால் அது சுற்றுவதற்கே உறிஞ்சும் காற்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும், தடித்த கார்பெட்டில் நின்றுவிடும். படியில் மட்டும் கார்பெட் என்றால் சின்ன டர்போ பிரஷ் போதும்.

பவர்ஹெட் எடுத்தால் ஹோஸுக்குள்ளும் 120 வோல்ட் வயர் வேண்டும். இன்லெட்டிலேயே கரண்ட் இருந்தால் செருகியதோடு வேலை முடிந்தது. இல்லாவிட்டால் ஹோஸ் முனையில் தொங்கும் சின்ன வயரைப் பக்கத்துப் பிளக்கில் போட வேண்டும். அதனால் ஹோஸ் வாங்குமுன் உங்கள் இன்லெட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். இரண்டு சின்னத் தொடுமுனை மட்டும் தெரிகிறதா, கரண்டுக்கான துளையும் இருக்கிறதா என்று கடைக்காரர் பார்த்ததும் சொல்லிவிடுவார்.

பை போடுறதோ, பை இல்லாததோ, எது நல்லம்?

எனக்குப் பை போடுவதுதான் பிடிக்கும். பையைக் கழற்றி அப்படியே குப்பையில் போடலாம், தூசி முகத்தில் பறக்காது. பை ஃபில்டராகவும் வேலை செய்து மோட்டரைக் காப்பாற்றும். பை வாங்குகிற செலவு மட்டும் தொடரும்.

பை இல்லாததில் துணி ஃபில்டர் இருக்கும். வாளியைக் கொட்டும்போது அதையும் உதற வேண்டும். பனிக்காலத்தில் கராஜில் நின்று அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. மூன்றாவது வகை சைக்குளோனிக்: காற்றைச் சுழற்றித் தூசியைக் கீழே விழுத்தும். ஃபில்டர் அறவே இல்லாத சைக்குளோனிக் என்றால் அதன் காற்றைக் கட்டாயம் வீட்டுக்கு வெளியே விட வேண்டும். கியூபெக்கில் செய்கிற சைக்குளோ வாக், டுவோவாக் மாதிரி கம்பனிகளிடம் பை போட்டும் போடாமலும் பாவிக்கக்கூடிய மெஷினும் உண்டு. முடிவெடுக்க முடியாதவர்களுக்கு அது நல்லது.

காத்தை வெளியால விடவேணும் எண்டு ஒருத்தர் சொல்லுறார், தேவையில்லை எண்டு மற்றவர். ஆர் சொல்லுறது சரி?

நல்ல பை போட்ட மெஷின் கராஜில் இருந்தால் கட்டாயமில்லை. பேஸ்மென்டில் இருந்தால் வெளியே விடுவதுதான் நல்லது. ஃபில்டரைத் தாண்டி வரும் நுண்ணிய தூசி வீட்டுக்குள் திரும்பாது என்பதுதான் சென்ட்ரல் வாக்குவத்தின் பெரிய லாபமே. குளிர்காலத்தில் சூடு போய்விடுமே என்று கேட்பார்கள். நிமிடத்துக்கு சுமார் 100 கன அடி என்று வைத்தால், அரை மணித்தியாலத்தில் 3,000 கன அடி. 8 அடி உயரமுள்ள 2,000 சதுர அடி வீட்டில் இருக்கும் 16,000 கன அடியில் அது ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. கறி வைக்கும்போது ஓடவிடுகிற அடுப்பு விசிறி இதைவிடக் கூடுதலாக இழுக்கும்.

உடுப்புக் காயவைக்கும் டிரையரின் குழாயோடு சேர்க்கக்கூடாது. மாடிக்கூரைக்குள்ளும் சுவருக்குள்ளும் விடக்கூடாது. வீட்டுக்குள் காற்று எடுக்கும் வாய்க்குப் பக்கத்திலும் விடக்கூடாது.

மகனுக்கு ஆஸ்துமா. இது போட்டா சுகமாகுமோ?

சுகமாகும் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்கிற விற்பனைக்காரரையும் நம்பாதீர்கள். முன் பதிலில் சொன்னதுபோல வெளியே காற்று விட்டால் கூட்டும்போது தூசி கிளம்புவது குறையும். மருந்தைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

பேஸ்மென்டில வாடகைக்கு ஆக்கள் இருக்கினம். சத்தம் கேக்குமோ?

மெஷினை எங்கே பூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கராஜில் என்றால் மேலே உங்களுக்கு இன்லெட்டில் காற்றுப் போகும் சத்தமும் பவர்ஹெட் சத்தமும் மட்டும் கேட்கும். பேஸ்மென்ட் சலவை அறையில் பூட்டினால் கீழே இருப்பவருக்கு நல்லாகவே கேட்கும். வெளியேற்றும் குழாயில் சைலன்ஸர் ஒன்றைப் போட்டால் பாதி தொல்லை குறையும். கீழே உள்ளவருக்கும் ஓர் இன்லெட் கொடுத்தால் யார் எப்போது வாளி கொட்டுவது என்ற பஞ்சாயத்து வரும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டிய விடயம் வேறொன்று. கராஜுக்கும் வீட்டுக்கும் இடையிலான சுவர், கார்ப் புகை உள்ளே வராதபடி அடைத்த சுவர். குழாய் அதைத் துளைத்துப் போனால் சுற்றியுள்ள இடைவெளியை முழுக்க அடைக்க வேண்டும். அதில் மெஷினின் பெருமையைவிட உங்கள் உயிர் முக்கியம். பேஸ்மென்டைச் சட்டப்படி தனி வீடாக்கியிருந்தால், இரண்டு வீட்டுக்கும் இடையிலான தீத்தடுப்பைக் குழாய் துளைக்கும் இடத்திலும் அதற்கென்று உள்ள அடைப்பைப் போட வேண்டும்.

குசினியில காலால தட்டினா உறிஞ்சுற ஓட்டை நல்லமோ?

நல்லது. அலுமாரிக்கு அடியில், கால் படும் பலகையில் அது இருக்கும். தும்புத்தடியால் கூட்டிக்கொண்டுவந்து காலால் தட்டினால் போய்விடும், குப்பை அள்ளக் குனிய வேண்டாம். குழாய் போடும்போதே போட்டால் செலவு குறைவு. பின்னால் போடுவதென்றால் அலுமாரியை அசைக்க வேண்டி வரலாம்.

சுவருக்குள்ளேயே ஒளிஞ்சு போற ஹோஸ் எண்டு ஒண்டு இருக்காமே? எங்கட ரஃப்-இன்ல போடலாமோ?

ரெட்ராஃப்ளெக்ஸ், ஹைட்-எ-ஹோஸ் என்று விற்பவை அவை. வேண்டிய நீளத்தை இழுத்துப் பாவித்துவிட்டு, முனையை அடைத்தால் மெஷினின் உறிஞ்சலே ஹோஸைச் சுவருக்குள் இழுத்துக்கொள்ளும். பார்க்க வடிவாக இருக்கும், பாவிக்கவும் சுகம்.

ஆனால் ஹோஸின் முழு நீளமும் குழாய்க்குள் போய்ப் படுக்க வேண்டும். அதற்கு அகலமாக வளைகிற தனி வளைவுகள் வேண்டும். சாதாரண ரஃப்-இன் வளைவுகளில் ஹோஸ் சிக்கும். ஆகவே புது வீடு கட்டும்போதோ சுவர் திறந்து கிடக்கும்போதோ மட்டும் யோசியுங்கள்.

சோறு, தண்ணி, சாம்பிராணிச் சாம்பல் எல்லாம் இழுக்கலாமோ?

காய்ந்த அரிசி, மா, பருப்பு பரவாயில்லை. ஈரமானது எதுவும் வேண்டாம். ஈர மா குழாயின் வளைவில் ஒட்டிக் காய்ந்தால் சீமெந்து மாதிரி. தண்ணீர் இழுக்கவே வேண்டும் என்றால் அதற்கென்று ட்ரெயின்வாக் மாதிரி தனி மெஷின்கள் உண்டு, சாதாரண மெஷினில் மோட்டர் போய்விடும்.

சாம்பலில் கண்ணுக்குத் தெரியாத தணல் இருக்கும். பைக்குள் நிறைந்த தூசியில் அது போய் விழுந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முழுக்க ஆறிய சாம்பலும் ஃபில்டரை அடைக்கும். அதைவிட மோசம் ட்ரைவோல் தூள். பேஸ்மென்ட் முடித்த கையோடு சென்ட்ரல் வாக்குவத்தால் கூட்டுகிறார்கள், அடுத்த மாதம் மோட்டர் சூடாகி என்னிடம் வருகிறது. கட்டட வேலைத் தூசிக்கு ஷொப்-வாக் பாவியுங்கள்.

திடீரெண்டு இழுவை இல்லாமல் போச்சு. மோட்டர் போட்டுதோ?

மோட்டர் சத்தம் வழமைபோலக் கேட்டால் அநேகமாக அடைப்புத்தான். முதலில் வாளியும் பையும் நிறைந்திருக்கிறதா பாருங்கள். அடுத்து ஹோஸைக் கழற்றிவிட்டு, சுவர் இன்லெட்டிலேயே உள்ளங்கையை வையுங்கள். மூடியை மட்டும் திறந்தால் மெஷின் ஓடாது என்றால், மெஷினில் உள்ள சுவிட்சால் ஓட விடுங்கள். அங்கே நல்ல இழுவை இருந்தால் அடைப்பு ஹோஸில். பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான், ஏனென்றால் ஹோஸின் உள்வட்டம் குழாயைவிடச் சின்னது. பெரிய சாமான் அங்கேயே மாட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஹோஸின் மறுமுனையை இன்லெட்டில் வைத்துத் தலைகீழாக உறிஞ்சவிட்டால் பெரும்பாலும் வந்துவிடும்.

ஓர் இன்லெட்டில் மட்டும் இழுவை இல்லை என்றால் அந்தத் தட்டைக் கழற்றிப் பாருங்கள். பின்னால் உள்ள இறுக்கமான வளைவில் சிறுவனின் சொக்ஸோ ஹேர்பின்னோ குறுக்கே நிற்கும். கரண்ட் உள்ள இன்லெட் என்றால் பிரேக்கரை நிறுத்திவிட்டுத்தான் கழற்ற வேண்டும். கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாயில் ஓட்டை விழும்.

சுவிட்சை நிப்பாட்டினாலும் மெஷின் நிக்குதில்லை. பேய் பிடிச்சிட்டுதோ?

மெஷினின் பிளக்கைக் கழற்றுங்கள், பேய் போய்விடும். அப்புறம் மெஷினோடு சேர்ந்திருக்கும் அந்த 24 வோல்ட் வயர் இரண்டையும் கழற்றிவிட்டுத் திரும்பப் பிளக்கைப் போடுங்கள். இப்போது ஓடவில்லை என்றால் பிழை சுவர்ப்பக்கம்: ஏதாவது ஓர் இன்லெட்டில் வயர் இரண்டும் முட்டிக்கொண்டிருக்கும், அல்லது படம் மாட்ட அடித்த ஆணி வயரைக் குத்தியிருக்கும். வயர் இல்லாமலும் ஓடினால் பிழை மெஷினுக்குள், அதைத் திருத்தக் கொடுங்கள்.

20 வருஷத்துக்கு முந்தின மெஷின். ஓடுது, ஆனா முந்தின மாதிரி இழுக்குதில்லை. புதுசு வாங்கவோ?

கொஞ்சம் பொறுங்கள். மேலே சொன்ன டிஷ்யூ சோதனையையும் உள்ளங்கைச் சோதனையையும் செய்யுங்கள். மெஷினின் வாயிலேயே குழாயைக் கழற்றிப் பிடித்துப் பார்க்கும்போது நல்ல இழுவை இருந்தால், மெஷினில் பிழையில்லை. ஃபில்டர், மூடி ரப்பர், வெடித்த ஹோஸ் இவற்றில் ஒன்று. மெஷின் வாயிலேயே இழுவை இல்லை, எரிந்த மணம் வருகிறது, அல்லது கிரீச்சிடுகிறது என்றால்தான் மோட்டர். அதிலும் கார்பன் பிரஷ் (மோட்டருக்குள் கரண்டைக் கடத்தும் சின்னத் துண்டு) மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றினாலே சில வருடம் ஓடும்.

புது மெஷின் வாங்குவதானாலும் அதே கம்பனியாக இருக்க வேண்டியதில்லை. குழாயின் அளவு எல்லாக் கம்பனிக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஹோஸும் 24 வோல்ட் மட்டும் உள்ளதென்றால் பெரும்பாலும் பொருந்தும். கரண்ட் உள்ள இன்லெட்டில் மட்டும் பின் இருக்கும் இடம் கம்பனிக்குக் கம்பனி மாறும், அங்கே படம் எடுத்துக்கொண்டு போகிற யோசனை திரும்பவும் உதவும்.

நானே போடலாமோ? யூடியூப் பாத்தனான்.

குழாய் வேலை கை பழகியவருக்குக் கஷ்டமில்லை. தண்ணீர்க் குழாய் அல்ல, வாக்குவத்துக்கென்று விற்கும் மெல்லிய குழாயை வாங்குங்கள். நேராக வெட்டி, உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டி எடுங்கள், இல்லாவிட்டால் தலைமயிர் அதில்தான் சிக்கத் தொடங்கும். பசையைக் குழாயின் வெளிப்பக்கம் தடவுங்கள், மூட்டுக்குள்ளே தடவினால் அது உள்ளே வழிந்து தடுக்கும். இறுக்கமான வளைவு இன்லெட்டுக்குப் பின்னால் மட்டும், மற்ற எல்லா இடத்திலும் அகன்ற வளைவு. கிளைக் குழாய்கள் மெஷின் பக்கம் பார்த்து வளைய வேண்டும்.

கரண்ட் வேலையை விட்டுவிடுங்கள். மெஷினுக்குத் தனி சர்க்கிட் வேண்டும். ஒன்டாரியோவில் லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கொன்ட்ராக்டர் அதைச் செய்து, மின்பாதுகாப்பு அதிகாரசபையிடம் அறிவித்தால் நாளைக்கு வீட்டை விற்கும்போதும் காப்புறுதி கேட்கும்போதும் உங்களுக்குக் கேள்வி வராது.

போன் பண்ணி "உங்கட டக்ட் கிளீன் பண்ணுறம்" எண்டு கேக்கிறாங்கள். இந்தக் குழாயையும் சேத்துத்தானோ?

இல்லை. அவர்கள் சொல்வது ஃபர்னஸின் சூட்டுக் காற்று போகிற தகரக் குழாய். இதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வாக்குவக் குழாயை வருடாவருடம் கழுவத் தேவையும் இல்லை. யாராவது வீட்டுக்கே வந்து வாக்குவத்தை விற்று, அங்கேயே கையெழுத்து வாங்கிவிட்டால், ஒன்டாரியோவில் 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே அந்த ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். ரத்தை எழுத்தில் அனுப்பி, பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில அம்மா அப்பாக்கு வீடு கட்டுறம். அங்கையும் ஒண்டு போட்டா என்ன?

இங்கே வாங்கும் 120 வோல்ட் மெஷினை அங்குள்ள 230 வோல்ட்டில் செருகினால் அந்த நிமிடமே முடிந்தது. 240 வோல்ட்டில் ஓடும் மெஷின்கள் இருக்கின்றன, ஆனால் கல்லும் சீமெந்தும் கொண்ட சுவரில் குழாயைக் கட்டும்போதே பதிக்க வேண்டும். பிறகு அடைப்பு வந்தால் சுவரைக் கொத்த வேண்டும், பையும் கார்பன் பிரஷும் இங்கிருந்து யாராவது கொண்டுபோக வேண்டும். கார்பெட் இல்லை, ஜன்னல் நாள் முழுக்கத் திறந்து கிடக்கும். மாபிள் தரைக்குத் தும்புத்தடியும் ஈரத்துணியும் போதும். அந்தக் காசில் அம்மாவுக்கு நல்ல வொஷிங் மெஷின் வாங்கிக் கொடுங்கள்.